தாட்சாயணி கொடுத்த புகார்

சித்தூரில் அந்த அரசு அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த வருஷத்தில்தான் தாட்சாயணிக்கு இருந்த இடம் போனது. அதற்கு முன்பு அவள் அங்கே தெலுங்கு டைப்பிஸ்ட். அவளுக்கென்று ஒரு மெஷின், ஜன்னலோரம் ஒரு மேஜை, காலையில் வந்ததும் தட்டுவதற்கு ஒரு கட்டு காகிதம் என்று எல்லாம் இருந்தது.

பாலசமுத்திரத்துப் பக்கம் ஒரு காலனியில் பிறந்தவள். அப்பா கங்கையா ஊரார் கரும்புத் தோட்டங்களில் வெட்டுக் கூலியாக இருந்து, சர்க்கார் கொடுத்த துண்டு நிலத்தில் பிற்காலத்தில் வேர்க்கடலை போட்டவர். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. பத்து முடித்து, பஸ் ஏறி வந்து டைப்பிங் படித்து, ஒதுக்கீட்டில் நிரம்பாமல் கிடந்த இடங்களுக்கு ஆள் எடுத்தபோது அவளுக்கும் ஆர்டர் வந்தது. காலனியிலிருந்து ஆபீஸ் வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான். சேர்ந்த அன்று கங்கையாவும் கூட வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போட்டுக்கோ நைனா. இது ஆபீசு, கோயில் இல்ல."

"இருக்கட்டும்மா. நீ உள்ள போ, நான் பாத்துட்டுப் போறேன்."

அங்கே சூப்பரின்டெண்டென்ட் சேஷாசலம். குரலை உயர்த்திப் பேசியவரில்லை, எப்போதும் சிரித்த முகம். ஆனால் தாட்சாயணியை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அரவம்மா' என்பார். தெலுங்கில் தமிழச்சியைக் கேலியாகச் சொல்லும் சொல். ஆபீசில் மற்ற தமிழர்களும் இருந்தார்கள். அவர்களை அப்படிக் கூப்பிடமாட்டார். தண்ணீர்ப் பானைக்கு மேல் டம்ளர்கள் கவிழ்த்திருக்கும். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருந்தது. அது யாருக்கென்று யாரும் சொல்லவில்லை. சேர்ந்த ஒரு வாரத்தில் அவளுக்கே புரிந்துவிட்டது. வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தாள். வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தால் நாளாக ஆகச் சரியாகிவிடும் என்று நம்பினாள். அப்படித்தான் பல வருஷம் ஓடியது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஹாலில் ஒரு மூலையைக் கண்ணாடி போட்டு மறைத்து, ஏசி வைத்து, வெங்கடேசுவரர் படம் மாட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். டைப்பிஸ்டுகள் எல்லோரும் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு. மற்றவர்கள் போனார்கள். தன்னைக் கூப்பிடாததால் தாட்சாயணி சேஷாசலத்தின் மேஜைக்கு முன் போய் நின்று கேட்டாள்.

அவர் கண்ணாடி அறையைக் காட்டித் தெலுங்கில் சொன்னார்: "அது சாமி படம் வைத்த ரூம், அரவம்மா. செருப்பைக்கூட வெளியே விட்டுத்தான் நாங்களே போகிறோம். நீ வெளியிலேயே இருந்தால் எல்லாருக்கும் நல்லதுதானே?"

ஹாலில் சிரிப்புச் சத்தம் எழுந்தது. யார் யார் சிரித்தார்கள் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த மாதமே மெஷின்கள் ஏலத்துக்குப் போயின. அவள் மேஜை வராந்தாவுக்கு, கக்கூஸ் கதவுக்குப் பக்கத்துக்குப் போனது. வேலை என்று ஒன்றும் தரவில்லை. காலையில் கையெழுத்து, சாயந்திரம் கையெழுத்து. நடுவில் அந்த நாற்றத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வருகிற ஜனங்கள் அவளைக் கக்கூஸ் காவலுக்கு வைத்த ஆள் என்று நினைத்துச் சாவி கேட்டார்கள். கொஞ்ச நாளில் அவளுக்கு ஒரு மெமோ வந்தது. வேலையில் அக்கறை காட்டவில்லை, விளக்கம் தரவும் என்று எழுதியிருந்தது.

ஆபீசில் அவளோடு தமிழில் பேசுகிற ஒரே ஆள் கோவர்த்தனன். ஜூனியர் அசிஸ்டென்ட். நகரியில் தறிக் குடும்பம். டீ வரும்போது அவளுக்கும் ஒன்று வாங்கி வந்து வராந்தாவில் நின்று குடிப்பார். மெமோவைப் படித்துவிட்டு அவருக்கே ஆத்திரம் வந்தது.

"எழுதிக் குடும்மா. அன்னிக்கி அந்தாளு பேசுனத நான் பாத்துக்கினுதான இருந்தேன்? டம்ளர் சங்கதியும் தெரியும். எங்க கூப்ட்டாலும் வந்து சொல்றேன்."

கணவன் தனசேகர் பெங்களூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். பாலசமுத்திரத்து இளவட்டங்களில் பாதிப் பேர் அப்போது அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை வந்தவனிடம் சொன்னாள்.

"இன்னாத்துக்கு வம்பு? வுட்டுட்டு எங்கூட வந்துடு" என்றான்.

"நான் தப்பு பண்ணல. நான் ஏன் வுடணும்?"

அவள் எழுதிக் கொடுத்தாள். சுற்றி வளைக்காமல், நடந்ததை நடந்தபடி மேலதிகாரிக்கு எழுதினாள். மறுநாள் ஆபீசுக்குள் நுழைந்தபோது, தான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாக அவளுக்கு ஒரு நிமிர்வு இருந்தது. அந்த நிமிர்வு மத்தியானம் வரைகூட நிற்கவில்லை. எப்போதாவது அவளோடு உட்கார்ந்து சாப்பிடும் பெண்கள் இரண்டு பேரும் டிபன் பாக்சை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்கள்.

விசாரணை வருவதற்குள் காலம் மாறிவிட்டது. சர்க்கார் செலவைக் குறைக்கிறது, ஆட்களை வேலையிலிருந்து நீக்கப் போகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. ஒவ்வொரு ஆபீசிலும் 'சர்ப்ளஸ்' யார் என்று மேலே சொல்ல வேண்டும். இந்த ஆபீசில் அதைச் சொல்கிறவர் சேஷாசலம். ஆட்கள் அவர் மேஜையைச் சுற்றியே திரிந்தார்கள்.

விசாரணைக்கு வெளியூரிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். பெண் என்றதும் தாட்சாயணிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அந்த அம்மாள் கோபமில்லாமல்தான் கேட்டார்.

"ஜாதி பேர் சொல்லித் திட்டினாரா?"

"இல்லைங்க மேடம்."

"கை வைத்தாரா? தப்பாகப் பேசினாரா?"

"இல்லைங்க மேடம். ரூமுக்குள்ள வராதேன்னு..."

"டம்ளரில் பொட்டு வைத்தது யார்? பார்த்தாயா?"

"பார்க்கலைங்க."

ஒவ்வொரு பதிலுக்கும் தன் துக்கம் சிறுத்துக்கொண்டே போவதை அவள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கோவர்த்தனனைக் கூப்பிட்டார்கள். அவர் அவள் பக்கம் பார்க்காமல் வந்து நின்றார்.

"அன்றைக்கு நான் சீட்டில் இல்லை மேடம். எனக்கு ஒன்றும் தெரியாது" என்று நல்ல தெலுங்கில் சொன்னார்.

சாயந்திரம் சைக்கிள் ஸ்டாண்டில் அவரே வழிமறித்து நின்றார்.

"என் பேரையும் சேத்துட்டான்மா அந்த லிஸ்டுல. ஊர்ல தறியெல்லாம் வித்தாச்சு. இந்த வேல போனா நான் எங்க போவேன்? என்ன நாலு வார்த்த திட்டிடு."

அவளுக்குத் திட்ட வரவில்லை. "போங்க சார், பஸ்ஸு போயிடும்" என்றாள். வீட்டுக்கு வந்து உலை வைத்தவள் அரிசியைப் போட மறந்து தண்ணீர் வற்றும்வரை அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

புகார் நிரூபிக்கப்படவில்லை என்று முடிவாகியது. அதோடு, அலுவலகத்தில் நல்ல சூழ்நிலை நிலவ வேண்டி அவளைத் திருப்பதிக்கு மாற்றினார்கள். விடுவிப்பு ஆர்டரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சேஷாசலம் சிரித்தார். "ஏழுமலையான் காலடிக்கே போகிறாய். இனி உனக்கு என்ன குறை, அரவம்மா?"

திருப்பதிக்கு அவள் போய்ச் சேருவதற்கு முன்பே அவள் கதை போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே யாரும் அவளை அவமானப்படுத்தவில்லை. மேஜை ஹாலுக்குள்தான் இருந்தது, வேலையும் கொடுத்தார்கள். ஆனால் அவள் வந்தால் பேச்சு நின்றுவிடும். ஆண்கள் அவள் பக்கத்து நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்கள். ஆபீசர் முதல் நாளே கூப்பிட்டுச் சொன்னார்: "எதுவாக இருந்தாலும் முதலில் வாயால் சொல்லுங்கள் மேடம். எழுதாதீர்கள்." மத்தியானங்களில் அவள் தன் மேஜையிலேயே தனியாகச் சாப்பிட்டாள். தினம் சித்தூரிலிருந்து புத்தலப்பட்டு வழியாகப் பஸ்ஸில் போய் வருவாள். ஒரு நாள் முழுக்க 'டிக்கெட்' என்று கண்டக்டரிடம் சொன்னது தவிர வேறு வார்த்தை பேசாமல் வீடு திரும்பியிருக்கிறாள்.

ஐதராபாத்துக்கு மேல்முறையீடு அனுப்பினாள். ஒரு முறை ரயிலேறி நேரிலேயே போனாள். ஃபைல் சுற்றில் இருக்கிறது என்றார்கள். அந்த நாட்களில் கங்கையா படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவரிடம் அவள் எதையும் சொன்னதில்லை. ஆனால் மகள் முகத்தைப் பார்த்து எதையோ ஊகித்திருக்க வேண்டும்.

"வேலைய மட்டும் வுட்றாதம்மா. அங்க நீ குந்திக்கினு இருக்கிறதே பெருசு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் ரொம்ப நாள் இருக்கவில்லை. அந்த வார்த்தை மட்டும் அவள் காலைக் கட்டிப்போட்டது.

சேஷாசலம் ஓய்வு பெற்றார். கல்யாண மண்டபத்தில் மாலையும் சால்வையுமாக வழியனுப்பினார்கள் என்று கேள்விப்பட்டாள். அதற்குச் சில மாதம் கழித்து ஐதராபாத்திலிருந்து பதில் வந்தது. சம்பந்தப்பட்டவர் ஓய்வு பெற்றுவிட்டதால் மேல்நடவடிக்கை தேவையில்லை, முறையீடு முடித்துவைக்கப்படுகிறது என்று இருந்தது. அவர் செய்தது சரியா தப்பா என்று அதில் ஒரு வரி இல்லை. அவள் அதைத்தான் தேடினாள். முன்பக்கமும் பின்பக்கமும் திருப்பித் தேடினாள்.

எஸ்டிடி பூத்திலிருந்து தனசேகருக்குப் போன் போட்டாள்.

"இப்பவாச்சும் வந்துடேன்" என்றான்.

"அங்க வந்து நான் இன்னா பண்ணுவேன்?"

கேட்டுவிட்டு அவளே போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் அவள் டிபன் பாக்சைத் திறக்கும்போது செக்ஷன் பெண்களில் மூத்தவளான ருக்மணி வந்து தோளில் கை வைத்தாள். அந்த ஆபீசில் யாரும் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"எல்லாம் முடிந்துவிட்டதாமே மேடம்? கேள்விப்பட்டேன். போகட்டும் விடுங்கள். இனிமேல் எங்களோடு வந்து சாப்பிடுங்கள். தனியாக எதற்கு?"

ருக்மணியின் முகத்தில் கள்ளம் இல்லை. நிஜமான நிம்மதிதான் இருந்தது. இனி இவளால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது என்கிற நிம்மதி. தாட்சாயணிக்கு அது நன்றாகத் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் இத்தனை வருஷம் தனியாகத் தின்ற சோறு அவளைச் சொல்லவிடவில்லை. பாக்சை மூடி எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருத்தி கோங்குரா துவையல் வைத்தாள், இன்னொருத்தி தங்கம் விலையைப் பற்றிப் பேசினாள். தாட்சாயணியும் தலையை ஆட்டினாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் தண்ணீர் குடித்து விழுங்கினாள்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். தாட்சாயணி மேடம் ரொம்ப நல்லவர், யாரோ தூண்டிவிட்டுத்தான் அப்போது அப்படி எழுதிவிட்டார் என்று அந்த ஆபீசில் எல்லோரும் சொல்ல ஆரம்பித்தார்கள். அவள் காதுபடவே சொன்னார்கள். அவள் அதை மறுக்கவில்லை.