ஈர அட்டை வாசம்

டொராண்டோவில் ஒரு மண்டபம் முழுக்க இன்று போர்ச்சுகல் ஒயின்கள். சுவைப்பவர்கள் விழுங்காமல் துப்பும் வாளிகளை மாற்றுகிறார் நகரின் மல்வேர்ன் பகுதியில் வசிக்கும் சுகந்தி. ஒயின் படிப்பில் தேறி, ஊற்றும் வேலை கேட்டவருக்குக் கிடைத்தது வாளி.

ஒரு மேசையருகே நின்று போத்தலை முகர்ந்த சுகந்தி, இந்த ஒயின் கெட்டிருக்கிறது, ஈர அட்டை வாசம் அடிக்கிறது என்கிறார். ஊற்றுபவர் நிமிரவில்லை, சுவைக்க வந்து நிற்கும் எனக்கும் அதையே ஊற்றுகிறார். ஈர அட்டையேதான். அடுத்து வந்த நரைத்தாடிக்காரர் முகர்ந்துவிட்டு அதையே சொல்கிறார். உடனே மன்னிப்பு, புதுப் போத்தல், அவர் மூக்குக்குப் பாராட்டு.

"நீங்கள்தானே முதலில் சொன்னீர்கள்?" என்று சுகந்தியிடம் கேட்கிறேன்.

"ஓம் அண்ணை. வாளி தூக்கிறவளுக்கும் மூக்கு இருக்கெண்டு உவைக்கு ஆர் சொல்லுறது?"

முதலில் சொன்னது சுகந்திதான் என்று ஊற்றுபவரிடம் நான் சொல்கிறேன். ஊற்றுபவர் எனக்குத் தலையாட்டிவிட்டு, கெட்ட போத்தலைச் சுகந்தியிடம் நீட்டுகிறார், கொட்டிவிடச் சொல்லி.