சைக்கிளைச் சுமந்த கண்ணாடி மனிதர்

எண்பதுகளின் கடைசியில், ஒரு கோடை விடுமுறையின்போது, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் அத்தான் தன் கண்ணாடிப் பொம்மைகளைக் கண்காட்சியாக வைத்தார். அத்தான் என் அக்காவின் கணவர். கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்குச் சோதனைக் குழாயும் குடுவையும் செய்கிற கம்பெனியில் இருந்தவர். அதை விட்டுவிட்டு ராஜபாளையத்தில் தகரக் கொட்டகை போட்டார். கண்ணாடிக் குழாயை நெருப்பில் இளக்கி, வாயால் ஊதி, குடை பிடித்த கோழி, மூக்குக்கண்ணாடி போட்ட கழுதை என்று செய்ய ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து அப்பா அவரிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். ஆலங்குளம் சிமெண்டு ஆலையில் சுண்ணாம்புக்கல் லாரிகளை எடைபோட்டு ஓய்வு பெற்றவர் அப்பா. ஒரு பொருள் என்றால் எதற்காவது ஆகவேண்டும் அவருக்கு. அத்தான் எதிரிலேயே இருந்தாலும் அக்காவைப் பார்த்து, "ஒன் வீட்டுக்காரரச் சாப்பிடச் சொல்லு" என்பார்.

வளையல் கடை பாய் கண்ணாடி அலமாரிகளை இரவல் கொடுத்திருந்தார். கோர்ட்டுக்கு வந்தவர்கள், மதுரை பஸ்ஸுக்கு நேரமிருந்தவர்கள் எல்லாம் பால்கோவாப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார்கள். "இது எதுக்கு ஆவும்?" என்றுதான் பலரும் கேட்டார்கள். "சும்மா பாக்கத்தான்" என்றாள் அக்கா. காலையில் கூச்சத்தோடு சொன்னவள், சாயங்காலம் நிமிர்ந்தே சொன்னாள்.

கூட்டம் அதிகம் நின்றது ஒரு பொம்மையின் முன்னால். மழையில் ஒரு பெரியவர் சைக்கிளைத் தலையில் சுமந்து போகிறார். குடை சைக்கிளுக்கு, அவர் நனைகிறார். மூக்கு நுனியில் ஒரு சொட்டு விழாமல் தொங்குகிறது. அது எங்கள் அப்பா. தெருவில் தண்ணீர் தேங்கினால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பவர்; அத்தான் அதைத் தலைக்கு ஏற்றிவிட்டார். "அத மட்டும் வைக்காதீய" என்று அக்கா எவ்வளவோ சொல்லியும் அத்தான் கேட்கவில்லை.

மறுநாள் அப்பா சொல்லாமல் வந்து நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தபடி அந்தப் பொம்மையிடம் வந்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என் கையை இறுகப் பிடித்தாள்.

அப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அத்தானை நேராகப் பார்த்து, "எஞ்சைக்கிள்ல செயின் கவர் உண்டே" என்றார்.

அத்தான் எழுந்து நின்றார். "விட்டுப் போச்சு மாமா."

"காது இம்புட்டுப் பெரிசா எனக்கு?"

"ஆமா, மாமா."

அப்பா தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், "இது யாரு, ஒங்களுக்குத் தெரிஞ்சவுகளா?" என்று கேட்டாள்.

"நாந்தான்" என்றார் அப்பா. அவள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். அவள் நன்றாகப் பார்க்கட்டும் என்று அப்பா ஓரமாக நகர்ந்து இடம் விட்டார்.

கோபப்படாமல் ஏன் நின்றார் என்று வெகுகாலம் யோசித்திருக்கிறேன். அந்த மூக்கு நுனிச் சொட்டைச் செய்ய ஒருவர் அவரை எத்தனை மழையில் பார்த்திருக்க வேண்டும். பேச்சில்லாத அத்தனை காலமும் அத்தான் அவரைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். அப்பாவுக்கு அது புரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

கடைசி நாளில் மதுரை டாக்டர் ஒருவர் அதை விலைக்குக் கேட்டார். அன்றும் வந்திருந்த அப்பாவிடம், கொடுக்கலாமா என்று அத்தான் கேட்டார்.

"அவரு பாத்துச் சிரிச்சாரா?"

"சிரிச்சாரு மாமா."

"அப்பக் குடுங்க மாப்ள."

அட்டைப்பெட்டியில் பஞ்சு அடைத்து அத்தான் பொம்மையை உள்ளே இறக்கினார். பெட்டி ஆடாமல் அப்பா பிடித்துக்கொண்டார்.