ஓரகத்தியின் கணையம்

மாடியில் மூத்த மருமகள், கீழே இளையவள். தண்ணீர் மோட்டாரை யார் எப்போது போடுவது என்பதில் தொடங்கிய வாய்ச்சண்டை முற்றி, ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சு அற்றுப்போய் வருடங்களாயிற்று. பிள்ளைகள் பெரிதானதும் மூத்தவள் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பயிற்சியில் சேர்ந்தாள். அடுத்த வாரமே இளையவளும் அதே வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். மூத்தவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

மாணவிகள் ஒருவர் வயிற்றை ஒருவர் ஸ்கேன் செய்துதான் பழக வேண்டும். "ஒரே வீடா? அப்போ கூச்சமே இருக்காது" என்று வகுப்பெடுக்கும் மேடம் இருவரையும் ஜோடி சேர்த்துவிட்டார்.

அதன்பிறகு அவர்கள் பேசியதெல்லாம் "மூச்சை இழு, பிடி, விடு" மட்டும்தான். மூத்தவளுக்குச் சில நாள் 'விடு' சொல்ல மறந்துபோகும். இளையவளோ ஸ்கேன் கருவியை விலாவுக்கடியில் மாவு பிசைவது போல அழுத்துவாள்.

"வலிக்குது."

"அழுத்தினாத்தான் தெரியும்."

தேர்வு நாள் வந்தது. கணையத்தைக் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும். வெறும் வயிறாக இருந்தால்தான் அது தெரியும். இல்லாவிட்டால் காற்று வந்து மறைத்துவிடும். மூத்தவள் கருவியை வைத்ததுமே திரை முழுக்க வெள்ளைப் புகை. சாப்பிட்ட வயிற்றில் சுருங்குவது போலப் பித்தப்பையும் சுருங்கிக் கிடந்தது. படுத்திருந்த இளையவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரம் சிரிப்பு.

"வயிறு முட்டத் தின்னுட்டு, சோடாவும் குடிச்சிட்டு வந்தியா?"

"பசிச்சுது."

மூத்தவள் பல்லைக் கடித்தாள். தேர்வாளரிடம் திரும்பி, "சார், தண்ணி குடுத்துப் பாக்கலாமா?" என்றாள். அவர் தலையசைத்தார். டம்ளர் டம்ளராக ஊற்றி, சாய்த்து உட்காரவைத்தாள். வயிற்றில் தண்ணீர் நிறைய நிறையக் காற்று விலகியது. அதன் பின்னால் கணையம் தெளிவாகத் தெரிந்தது.

"சாப்பிடாம வரணும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று தேர்வாளர் இளையவளை எல்லார் முன்னாலும் கேட்டார்.

அடுத்து இளையவளின் முறை. மூத்தவள் முந்தின இரவிலிருந்து பட்டினி. பாசத்தால் அல்ல, தோற்றால் இளையவளுக்கு ஒரு சாக்கும் கிடைத்துவிடக் கூடாது என்றுதான். அவமானத்தில் இளையவள் கருவியை அங்கும் இங்கும் இழுத்தாள். கடைசிவரை கணையம் அகப்படவேயில்லை.

அன்று மாலை இளையவள் படிக்கட்டடியில் நின்று, "என் பொழப்பைக் கெடுத்துட்டா!" என்று தெருவே கேட்கக் கத்தினாள். மாடிக் கதவு திறக்கவில்லை.

மறுமுறை வேறொருத்தியோடு ஜோடி சேர்ந்து இளையவளும் தேறிவிட்டாள். இப்போது இருவரும் வேறு வேறு மருத்துவமனையில் வேலை. போவது ஒரே பேருந்தில். ஒருத்தி முன்படியில் ஏறினால் மற்றவள் பின்படியில்.

"உங்க ஓரகத்தியும் ஸ்கேன்தான் பாக்கறாங்களாமே?" என்று யாராவது கேட்டால், மூத்தவள் "அப்படியா?" என்பாள்.