நான்காவது வீடும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரருக்கு நான்கு வீடு இருக்கிறது. இதைச் சொன்னால் போதும், எல்லோரும் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள். பல் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து டோக்கன் போட்டுக் கொடுக்கிறவளுக்கு வந்த யோகத்தைப் பார் என்று. வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள். நான்கு வீடு இருக்கிற மனிதர் நான்கில் ஒன்றிலும் இல்லை. விமானத்தில் ஒன்பது மணி நேரம் தள்ளி, இன்னொரு நாட்டில், யாரோ கட்டிய அடுக்குமாடியில் லிப்ட் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவர் போனபோது மகளுக்கு மூன்று வயது. இப்போது பதினான்கு. நடுவில் மூன்று முறை லீவில் வந்தார், கடைசியாக வந்து நான்கு வருடமாகிறது. கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரு அறையில் ஆறு பேரோடு படுத்து, தன் கையால் சமைத்துச் சாப்பிட்டு, மிச்சம் பிடித்த மனிதர்.

அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கூட வேலை பார்க்கிற ஒருத்தர் சொல்லிக் கொடுத்த யோசனையாம். "பழைய சின்ன வீடா பாத்து வாங்கணும். சரி பண்ணி வாடகைக்கு விட்டா அது பாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கும். ரெண்டு வீடு போதும். நான் வந்து கால் நீட்டி உக்காந்துடுவேன்" என்றார். நானும் தலையை ஆட்டினேன். அப்போது எனக்கு வயது முப்பது, அவர் எது சொன்னாலும் தலையை ஆட்டுவேன்.

இரண்டு மூன்றானது. முதல் வீட்டில் கூரை ஒழுகும். அதை அடைத்தால் இரண்டாவது வீட்டில் சாக்கடை அடைத்துக்கொள்ளும். மூன்றாவது வீட்டில் குடியிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்தார், சமையலறைக் கதவையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார். ஒரு வீட்டு வாடகை இன்னொரு வீட்டின் வாயில் போனது. மூன்று பேர் ராத்திரி பகல் பார்க்காமல் எனக்குப் போன் செய்வார்கள். "அக்கா, தண்ணி வரலை." "அக்கா, கரண்ட் இல்லை." நான் என்ன தண்ணீர் வாரியமா, மின்சார வாரியமா?

போன வருடம் நான்காவது. புரோக்கர் அனுப்பிய வீடியோவைப் பார்த்தே முடிவு செய்துவிட்டார். சந்துக் கடைசியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. நான் முதல் முறை உள்ளே போனபோது தரை நடுவில் செடி முளைத்திருந்தது.

"இது வேணாங்க" என்றேன்.

"இங்க பாரு, இதுதான் கடைசி. இதுல ஆள் குடி வந்த அன்னிக்கு நான் டிக்கெட் போடறேன். சத்தியம்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எட்டு மாதம் நாயாக அலைந்தேன். மகள்கூட, "அப்பா வந்தா எங்கம்மா படுப்பாரு?" என்று கேட்க ஆரம்பித்திருந்தாள்.

வேலைக்கு வந்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஆச்சு மேஸ்திரி. எதைக் கேட்டாலும் ஒரே பதில். "பைப் மாத்தினீங்களா?" "ஆச்சும்மா." "ஒயரிங்?" "ஆச்சும்மா." ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேற்பார்வை நடக்கும். அங்கே இவர் ஷேவ் செய்து, சட்டை மாட்டி, நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். இங்கே நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். வாசல், இடது பக்க அறை, சமையலறை, குளியலறை, வலது பக்க அறை. எட்டு மாதமும் அதே வழி.

"இன்னும் மேல தூக்கு. ஏன் கை நடுங்குது?"

"நடுங்கலைங்க, வலிக்குது."

"அந்த மூலையைக் காட்டு. மேஸ்திரி, அங்க என்ன கோடு?"

"நிழல் சார்."

அந்தச் சந்தில் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. வாசல் கதவைச் சுவரோடு சுவராகத் திறந்து தள்ளி வைத்தால்தான் படம் ஓடும். அதனால் நான் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாகக் கதவைத் தள்ளி, ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிடுவேன். ஒருநாள் இவர் திரையில் இருந்தபடியே கையைத் தட்டி, "பிரமாதம், வாடகைக்கு விட்டுடலாம்" என்றார். மேஸ்திரி என்னைப் பார்த்து, "ஆச்சும்மா" என்றார்.

வீடு பார்க்க வந்தவர் ஒரு நர்ஸ். ஐம்பது வயதிருக்கும், தனி ஆள். உள்ளே வந்ததும் என் செங்கல்லைக் காலால் நகர்த்திவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தப்பா நினைக்காதீங்க. தனியா இருக்கப் போறவ, தாழ்ப்பாள் ஒழுங்கா விழுதான்னு பாக்கணும்ல?"

தாழ்ப்பாள் விழுந்தது. ஆனால் கதவுக்குப் பின்னால் சுவரே இல்லாத மாதிரி இருந்தது. பூச்சு கிடையாது, பெயின்ட் கிடையாது. தரையிலிருந்து என் தோள் உயரத்துக்கு வெறும் செங்கல், ஓதம் ஏறிப் பாசி பிடித்திருந்தது. கதவு மறைக்கிற அளவுக்கு அளந்து வைத்த மாதிரி விட்டிருந்தார்கள். நர்ஸ் குளியலறைக்குப் போனார். இரண்டு குழாய்களில் ஒன்றைத் திருகினார். தண்ணீர் வந்தது. மற்றதைத் திருகினார். அது அப்படியே கழன்று அவர் கையில் வந்துவிட்டது. பின்னால் பைப்பே இல்லை. சுவரில் ஓட்டை போட்டு, சிமென்ட் வைத்து, குழாயை நட்டு வைத்திருந்தார் அந்தப் புண்ணியவான்.

எனக்கு எங்கே கொண்டுபோய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மேஸ்திரிக்குப் போன் போட்டேன். "சார் பாத்து சரின்னு சொல்லிட்டாரேம்மா" என்கிறார், கூசாமல். அடப்பாவி. எங்கள் கேமரா போகிற வழியை எங்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்திருக்கிறார்.

அப்புறம் இவரிடம் சொன்னேன். திரையில் முகம் சிவந்துவிட்டது.

"நீ அங்கதானே இருந்தே? எட்டு மாசமா என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

"உங்களுக்குக் காட்டிக்கிட்டிருந்தேன்" என்றேன். "உங்களுக்குத் தெரியுதா, தெரியுதான்னு போனையே பாத்துக்கிட்டிருந்தேன். நான் எங்க வீட்டைப் பாத்தேன்?"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே உறைத்தது. வீட்டுக்குள் நின்றுகொண்டே அந்த வீட்டை உள்ளங்கை அகலத்தில் பார்த்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

"சரி விடு. வேற ஆள் வச்சுச் சரி பண்ணலாம். இன்னும் ஒரு ஆறு மாசம்."

அந்த ஆறு மாதத்தைக்கூட விழுங்கியிருப்பேன். இரண்டு நாள் கழித்துப் புரோக்கர் ஆஸ்பத்திரிக்கே வந்து, பல்வலிக்காரர்கள் நடுவில் நின்று, "மேடம், அஞ்சாவது வீட்டுப் பத்திரம் எப்ப முடிக்கிறீங்க? சார் அட்வான்ஸ் போட்டு மூணு வாரமாச்சே" என்றார். நான் டோக்கனைத் தப்பாகக் கிழித்தேன். ஐந்தாவது! இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் குடியிருந்த அந்த முதல் வீட்டையும் "நல்ல வாடகை வரும்" என்று சொல்லி விட வைத்து, என்னையும் மகளையும் ஒரு மாடி போர்ஷனுக்கு அனுப்பினார். நான்கு வீட்டுக்காரி நான், மாதா மாதம் இன்னொருத்தருக்கு வாடகை கொடுக்கிறேன். எவரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

அன்றைக்கே நர்ஸைக் கூப்பிட்டேன். அவர் போகும்போது, "விக்கிறதா இருந்தா சொல்லுங்க, பூச்சு வேலையை நான் நின்னு பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வாங்க, விற்க, எல்லாவற்றுக்கும் என் பெயரில் இவர் எழுதிக் கொடுத்த பவர் பத்திரம் இருக்கிறது. இத்தனை நாள் அதை வாங்குவதற்கு மட்டும்தான் வெளியே எடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இவர் நோட்டைத் திறந்தார்.

"நாலாவது வீட்டை விக்கறேன். வர்ற வெள்ளிக்கிழமை கையெழுத்து" என்றேன்.

"உனக்கென்ன பைத்தியமா? யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கலை. பாக்கணும்னா நேர்ல வந்து பாருங்க. நான் இனிமே போனைத் தூக்க மாட்டேன்."

வியாழக்கிழமை மதியம் வந்து இறங்கிவிட்டார். விமான நிலையத்திலிருந்து நேராக நான்காவது வீட்டுக்கு. டாக்சியில் உட்கார்ந்தபடி எனக்குச் செய்தி அனுப்பினார். நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். நான் பூட்டைத் திறந்துவிட்டதும் பெட்டியைத் தரை நடுவில் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அதன் பின்னாலிருந்த செங்கல் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். காதோரம் முழுக்க நரைத்திருந்தது. திரையில் அந்தப் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை.

"எப்படி ஏமாத்தியிருக்கான் பாத்தியா?" என்றார். நான்கு வருடம் கழித்துப் பார்க்கிற பெண்டாட்டியிடம் பேசிய முதல் பேச்சு.

"பாத்தேன். நாளைக்குப் பதினோரு மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வரணும்."

"அதை நிறுத்தத்தான் ஓடி வந்தேன்."

"தெரியும். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன்னு சொன்னப்ப லீவே கிடைக்காதுன்னீங்க. இதுக்கு நாலே நாள்ல கிடைச்சுடுச்சு."

பெட்டியின் மேல் உட்கார்ந்தார். தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"வந்துட்டா என்ன பண்றதுன்னு தெரியலை. பொண்ணுகிட்ட ரெண்டு நிமிஷத்துக்கு மேல எனக்குப் பேச வரலை. வீட்டைப் பத்தின்னா உன்கிட்ட ஒரு மணி நேரம் பேசிடறேன்."

எனக்குக் கோபம் போகவில்லை. அவ்வளவு சீக்கிரம் போகவும் போகாது. ஆனால் நிற்க வைத்துத் திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை அப்படியே விட்டுவிட்டேன். "எந்திரிங்க. ஸ்கூல் விட்டு அவ வந்துடுவா" என்றேன்.

சந்து முனையில் டாக்சி நின்றிருந்தது. பெட்டியை ஏற்றிவிட்டு டிரைவர், "எங்க சார் போகணும்?" என்று கேட்டார். நான்கு வீட்டின் கதவு எண்ணும் பட்டா எண்ணும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மனிதர், என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் இப்ப எந்தத் தெருவுல இருக்கீங்க?"

டிரைவரிடம் தெருப் பெயரைச் சொன்னேன். இவர் அதை உதட்டுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.