டேப் இல்லாத வீட்டின் கேசட்டுகள்

எங்கள் வீட்டில் டேப்ரெக்கார்டர் இல்லாமல் போன பிறகுதான் சித்தப்பா கேசட் வாங்க ஆரம்பித்தார்.

இதைச் சொன்னால், எனக்கு முன்பின் குழம்பிவிட்டது என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். குழப்பம் ஒன்றும் இல்லை. தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்த்த எங்கள் வீட்டில், இரண்டு ஸ்பீக்கர் வைத்த டேப் ஒன்று அலமாரி மேல் இருந்தது. கேட்டு முடித்த கேசட்டை முதலிலிருந்து பாடும்படி சுற்றித்தான் உறையில் போட வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். அந்த டிசம்பரில் கடல் உள்ளே வந்து திரும்பியபோது அலமாரி, டேப், கேசட்டுகள், அப்பாவின் சட்டம் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. நாங்கள் உயிரோடு இருந்தோம். அதனால் டேப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த வருஷம், தகரக் கொட்டகையில் இருந்த காலத்தில், சித்தப்பா ஒரு நாள் புதுக் கேசட்டோடு வந்து நின்றார். அப்பாவின் தம்பி அவர். அப்போது கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். அத்தையைச் சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சோறு கொண்டுபோனவர் திரும்பி வரும்போது தூக்குவாளிக்குள் கேசட்டை வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

அம்மா அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"அடுப்பு வைக்க எடத்தக் காணும், இதுல கேசட்டு வருது. எதுல போட்டுக் கேப்ப தம்பி? நிவாரணத்துல குடுத்தானுவளே குக்கரு, அதுல போட்டா பாடுமா?"

"டேப்பு எப்ப வேணா வாங்கிக்கலாம் அண்ணி. கேசட்டு தீந்துபூடும்" என்றார் சித்தப்பா.

இந்தப் பதிலில் இருந்த நியாயம் எனக்கு மட்டும் புரிந்ததாக நினைத்துக்கொண்டேன்.

அத்தை குணமாகி வீட்டுக்கு வந்துவிட்டாள். சித்தப்பா சிதம்பரத்துக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. கடலுக்குப் போகாத நாட்களில் குளித்து, தலை சீவி, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். கடலூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியே அப்போது கேசட் கடைகள் இருந்தன. அவற்றையெல்லாம் தாண்டிப் போய் சிதம்பரம் பஸ்ஸில் ஏறுவார். "அங்கதான் ஒரிஜினல் கெடைக்கும்" என்பார். அப்பா, "கடலூர்ல விக்கறது என்னா களிமண்ணா?" என்று கேட்டுவிட்டு வலையைப் பார்க்கப் போய்விடுவார்.

கேசட் வந்ததும் அதை வாசிக்கும் வேலை எனக்கு. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். உறைக்குள் நாலாக மடித்து வைத்திருக்கும் வழவழப்பான தாளை விரித்து, பாட்டின் முதல் வரி, பாடியவர்கள் பெயர் என்று செய்தி வாசிக்கிற மாதிரி வாசிப்பேன். சித்தப்பா கண்ணை மூடிக் கேட்பார். முதல் பாட்டின் ஆரம்பத்தை மட்டும் அவர் பாடுவார். மற்றது எதுவும் அவருக்குத் தெரியாது. அந்த ஆரம்பம் மட்டும் எப்படித் தெரிகிறது என்று நான் யோசித்ததே இல்லை.

கொஞ்ச நாளில் என்னையும் கூட்டிப்போகத் தொடங்கினார். ஜன்னலோரம் எனக்கு. முதுநகர் தாண்டியதும் கெமிக்கல் கம்பெனிகளின் மருந்து வாசம் வரும், மூக்கைப் பொத்திக்கொள்வேன். அதுவரை பேசிக்கொண்டே வருகிறவர் புதுச்சத்திரம் தாண்டியதும் பேச்சைக் குறைத்துவிடுவார். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் குழாயில் முகம் கழுவுவார்.

மேல வீதியிலிருந்து பிரிகிற சந்தில் இருந்தது அந்தக் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். உள்ளே சுவர் முழுக்கக் கேசட். கல்லாவில் ஓர் அக்கா உட்கார்ந்திருப்பார். மடியில் எப்போதும் ஏதாவது ஒரு காலேஜ் புத்தகம் கவிழ்ந்திருக்கும். அந்தக் கடையில் கேசட்டைப் போட்டுக் காட்டாமல் கொடுக்க மாட்டார்கள். கண்ணாடித்தாளைப் பிரித்து, கேசட்டை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டி, நாடா தொளதொளவென்று இருந்தால் ஓட்டையில் பென்சிலை விட்டு இறுக்கி, டேப்பில் போட்டு முதல் பாட்டின் ஆரம்பத்தைக் கொஞ்சம் ஓட விடுவார். சத்தம் சரியாக வந்தால் பட்டனைத் தட்டி நிறுத்தி, எடுத்துக் கொடுத்துவிடுவார்.

நான் முதல் தடவை போன அன்றும் அப்படித்தான். பாட்டு ஆரம்பித்தது. நிறுத்துகிற பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டே, "சரியா இருக்கா அண்ணா? வீட்ல போட்டுப் பாருங்க. எங்கயாவது இழுத்துச்சுன்னா கொண்டாங்க, மாத்தித் தரேன்" என்றார்.

"எங்கூட்ல டேப்பே இல்லியே" என்றேன் நான். "கடல் எடுத்துக்கிச்சு."

சித்தப்பா என் தோளைப் பிடித்து அழுத்தினார். அந்த அக்கா என்னைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். அதுவரை அவர் வாங்கிப்போன கேசட்டுகளை எல்லாம் மனதுக்குள் எண்ணிப் பார்த்திருப்பாரோ என்னவோ, பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டார். பாட்டு ஓடியது. பல்லவி முடிந்து, சரணம் முடிந்து, கடைசியில் வாத்தியங்கள் எல்லாம் அடங்குகிற வரைக்கும் ஓடியது. பாட்டு முடிந்ததும் டக்கென்று நிறுத்தி, கேசட்டை எடுத்து உறையில் போட்டு நீட்டினார்.

அதிலிருந்து எப்போது போனாலும் முதல் பாட்டு முழுசாக. வேறு ஆள் வந்து நின்றால், "இருங்க, டெஸ்ட் பண்ணிட்டிருக்கேன்" என்பார். நான் எதிர்க் கடையில் பன் வாங்கித் தின்றுகொண்டு நிற்பேன்.

எங்களுக்குப் புது வீடு வந்தது. அரசாங்கம் கொடுத்த டிவி வந்தது. அப்பா அதற்கு ஒரு டிவிடி பிளேயர் வாங்கினார். கூடவே, கடலூர் பஸ் ஸ்டாண்டில் பலகை போட்டு விற்கிறவனிடம் ஒரு சிடி வாங்கிவந்தார். உறையில் படம் சாயம் வழிந்து இருந்தது. நடிகர்களின் தலைகளை வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஆனால் ஒரே சிடியில் நூற்றைம்பது பாட்டு. பெயர்களைப் படித்துக்கொண்டே போனவன் துள்ளிக் குதித்தேன். சித்தப்பாவின் தகரப்பெட்டி முழுவதும் அந்த ஒரு தட்டுக்குள் இருந்தது.

"சித்தப்பா, இனிமே சிதம்பரத்துக்குப் போவவே வேணாம்!"

"அப்பிடியா?" என்றார். "நீ கேளு." எழுந்து வெளியே போய்விட்டார்.

அப்பாவுக்கு வெற்றி. "எவ்ளோ பாட்டு பாரு. இவன் பொட்டியில வச்சிப் பூட்டறதுக்கு வாங்கறான்."

இவ்வளவு நல்ல பாட்டுகளைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாரே என்று எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஒரு நாள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு கேசட்டில் நாடா கொஞ்சம் ஓடி நின்றிருந்தது. அப்பாவின் பழைய சட்டம் நினைவுக்கு வந்தது. கடையில் பார்த்தபடி ஓட்டையில் பென்சிலை விட்டு, நல்ல பிள்ளையாக முதலுக்குச் சுற்றி வைத்தேன். அடுத்ததை எடுத்தபோது சித்தப்பா வந்துவிட்டார். அடிக்கவில்லை. கேசட்டைப் பிடுங்கிக்கொண்டார். அவர் என்னிடமிருந்து எதையும் பிடுங்கி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"சுத்தாதடா. நின்ன எடத்துலயே இருக்கட்டும்."

"மொதல்லேந்து பாடறதுக்குத்தான் சித்தப்பா..."

"நின்ன எடத்துலயே இருக்கட்டும்னு சொல்றேன்ல."

அழுதுகொண்டு அம்மாவிடம் போனேன். கோபத்தில், சித்தப்பாவைப் பற்றியும் அந்தக் கடையைப் பற்றியும் எனக்குத் தெரிந்த குற்றங்களை எல்லாம் சொன்னேன். கடைசியாக, "அந்தக் கடை அக்காவுக்கு மரியாதயே தெரியலம்மா. மொதல்ல சித்தப்பாவ அண்ணா அண்ணான்னு கூப்புட்டுது. இப்பல்லாம் அண்ணான்னே சொல்றதில்ல" என்றேன்.

மீன் அரிந்துகொண்டிருந்த அம்மா கத்தியை நிறுத்தினாள்.

"அப்பறம் எப்பிடிக் கூப்புடுது?"

"எப்பிடியும் கூப்புடல. 'இந்தாங்க'ங்குது. அவ்ளோதான்."

அம்மா சிரித்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். அன்றிலிருந்து கேசட்டைப் பற்றிக் கேலி பேசுவதை விட்டுவிட்டாள்.

அதற்குச் சில நாள் கழித்துத் தோட்டத்துப் பக்கம் சித்தப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"அவுங்க வசதி வேற, நம்ம வசதி வேற அண்ணி. படிக்கிற பொண்ணு."

"வாயத் தொறந்து கேட்டாத்தான தெரியும். நான் வரேன். ஒங்க அண்ணங்கிட்ட அப்பறம் சொல்லிக்கலாம். தை பொறக்கட்டும், மார்கழில எதையும் பேசக்கூடாது."

டேப் வாங்குவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நான் முடிவு செய்துகொண்டேன். டேப் வாங்கவும் நாள் பார்க்கிறார்களே என்று ஆச்சரியமாக இருந்தது.

மார்கழியில் சித்தப்பாவும் நானும் ஒரு தடவை போனோம். கடையில் சுவர் பாதி காலியாகிவிட்டது. காலியான இடத்தில் ஒரு கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். "அண்ணன் வாங்கியிருக்கு. இனிமே எல்லாம் அதுலதான். புதுப் படத்துக்குக் கேசட்டே வர்றதில்ல" என்றார் அந்த அக்கா. பிறகு குனிந்து கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். "இது ஒண்ணு எடுத்து வச்சேன்."

உள்ளங்கையில் தட்டினார். பென்சிலால் இறுக்கினார். போட்டார். முதல் பாட்டு முடிந்தது. அவர் நிறுத்தவில்லை. இரண்டாவது பாட்டு ஆரம்பித்தது, அதுவும் முடிந்தது. சித்தப்பா ஒரு தடவை, "தை பொறந்ததும் வர்றேன்" என்றார். அந்த அக்கா, "தையிலயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டுமேல் பாட்டாக ஓடிக்கொண்டே இருந்தது. நான் பன்னைத் தின்று முடித்து, கால் மாற்றி நின்று, சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"போதும் சித்தப்பா. பஸ்சு பூடும்."

யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

தை பிறந்தது. ஆற்றுத் திருவிழாவும் முடிந்தது. ஒரு நாள் அம்மா கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டாள். பையில் பூ, பழம், வெற்றிலை எல்லாம் இருந்தன. கோயிலுக்கு என்று அப்பாவிடம் சொன்னாள். பஸ்ஸில் சித்தப்பா நின்றுகொண்டே வந்தார், இடம் இருந்தும்.

கோயிலுக்குப் போகாமல் நேராகக் கடைக்குப் போனோம். கேசட்டுகள் இருந்த சுவர் முழுக்க மொபைல் கவர்கள் தொங்கின. கம்ப்யூட்டருக்கு முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா இல்லியா?" என்று நான்தான் கேட்டேன்.

"எந்த அக்கா? தங்கச்சியா? அதுக்குத் தை மொத முகூர்த்தத்துலயே கல்யாணம் முடிஞ்சிருச்சேப்பா. பண்ருட்டிப் பக்கம்." எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "என்னாம்மா வேணும்?"

அம்மா பையை முந்தானைக்குள் நகர்த்திக்கொண்டாள். நானே சொன்னேன். "சித்தப்பா போன்ல பாட்டு ஏத்திக் குடுங்க."

சித்தப்பா போனை எடுத்து நீட்டினார். அந்த ஆள் அதிலிருந்த கார்டைப் பிடுங்கிச் செருகினார். நான் கைகாட்டிய படத்தை எல்லாம் ஏற்றினார். திரையில் ஒரு பச்சைக் கோடு நிரம்பியது. அவ்வளவுதான்.

"போட்டுக் காட்ட மாட்டீங்களா?" என்றார் சித்தப்பா.

"இதுக்கெல்லாம் டெஸ்ட்டே வேணாண்ணே. காப்பி ஆயிருச்சுன்னா ஆயிருச்சு."

அதன்பின் கோயிலுக்குப் போனோம். அம்மா பூவையும் பழத்தையும் கொடுத்து அர்ச்சனை செய்தாள். கோயிலுக்கு என்று சொன்னோம், கோயிலுக்குப் போனோம். எனக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. திரும்பும்போது ஒரு இயர்போனை என் காதிலும் இன்னொன்றைச் சித்தப்பா காதிலும் வைத்தேன். எத்தனையோ பாட்டு இருந்தது. ஒன்று ஆரம்பித்தால் அடுத்தது என்ன என்று ஆசையாக இருக்கும், தள்ளிவிடுவேன். ஆலப்பாக்கம் வரைக்கும் பொறுத்துக்கொண்டவர், "ஒண்ண முழுசா வுடேண்டா" என்றார். நான் சிரித்துக்கொண்டே அடுத்ததைத் தள்ளினேன்.

சித்தப்பாவுக்கு இப்போது இரண்டு பெண் பிள்ளைகள். நான் சிதம்பரத்திலேயே படித்து, வேலைக்கும் போய்விட்டேன். உலகத்தில் உள்ள பாட்டெல்லாம் போனில் இருக்கிறது. போன பொங்கலுக்கு, பழைய சாமான் கடையில் கிடைத்த ஒரு டேப்பை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். சித்தப்பா வலை பின்னிக்கொண்டிருந்தார். "இப்பதான் வாங்கியாரியா?" என்று சிரித்தார். பெட்டி சாவியைக் கேட்டேன், கொடுத்தார்.

ஒரு கேசட்டைப் போட்டேன். இரண்டாவது பாட்டிலிருந்து பாடியது. இன்னொன்றைப் போட்டேன். அதுவும் இரண்டாவது பாட்டு. நிறுத்திவிட்டேன். மற்றதைப் போடக் கை போகவில்லை. பெட்டியின் அடியில் அந்த மார்கழிக் கேசட் இருந்தது. அதை மட்டும் எடுத்துப் போட்டுப் பட்டனை அழுத்தினேன். பாடவில்லை. நாடா முழுவதும் ஒரு பக்கமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. பட்டன் டக்கென்று தானாகவே எழும்பிக்கொண்டது.

வெளியே வலையில் ஓடிக்கொண்டிருந்த கை நின்றது.

அன்றைக்கும் அது தானாகத்தான் எழும்பியது. கடைசிப் பாட்டு முடிந்து, ஒன்றுமில்லாமல் கொஞ்ச நேரம் ஓடி, அந்த அக்காவின் விரல் படாமலேயே எழும்பியது. நான் அப்போது பஸ் போய்விடும் என்று அழுதுகொண்டிருந்தேன்.