மாடு நக்கும் சுவர்

சந்தை கலைந்ததும் பரீது ராவுத்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தம் வீட்டுத் தெருச்சுவரின் முன்னால் குந்திவிடுவார். பக்கத்தில் ஒரு சட்டி நிறையக் குழைத்த மண். அன்றைக்கு மாடுகள் நக்கிப் பறித்த குழிகளில் அதை அப்பி, உள்ளங்கையால் தட்டித் தட்டித் தேய்ப்பார்.

வேலந்தாவளம் சந்தைக்கு வருகிற மாடுகளுக்கெல்லாம் இந்த வீடு தெரியும். ஓட்டுகிறவன் என்ன இழுத்தாலும் நகராது. நின்று சுவரை நக்கிவிட்டுத்தான் அடுத்த அடி. சுவரில் அத்தனை உப்பு. தாது வருசப் பஞ்சம் ஓய்ந்த கையோடு பழனிப் பக்கமிருந்து பிழைக்க வந்த பரீதின் தகப்பனார் மீராசா ராவுத்தர் கட்டிய வீடு. மூன்று சுவர் எழும்பியதும் செம்மண் தீர்ந்துவிட்டது. ஓடையோரம் புல்கூட முளைக்காத பொட்டலில் மண் சும்மா கிடக்கிறதே என்று வண்டி வண்டியாக அள்ளிவந்து தெருச்சுவரை வைத்துவிட்டார். வண்ணார்கள் துணி வெளுக்க எடுக்கிற உவர்மண் அது. கயிறு விற்கிறவருக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும்? ஊர்க் கவுண்டர்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூரை ஏறின பிறகுதான் சிரித்தார்கள்.

பரீதுக்கு மீசை அரும்புமுன் அத்தா காய்ச்சலில் போய்விட்டார். வீட்டு முன்பக்கத்துக் கயிற்றுக்கடையில் ஈ காக்கை இல்லை. அப்போது கைகொடுத்தவை மாடுகள்தான். மாடு சுவரண்டை நின்றால் ஓட்டி வந்தவனும் நிற்க வேண்டும். நின்றவன் எத்தனை நேரம் வானத்தைப் பார்ப்பான்? கடைக்குள் எட்டிப் பார்த்தான். ஒரு மூக்கணாங்கயிறு, ஒரு சாட்டை என்று வாங்கினான்.

"ஊர்ல மத்தவங்க ஊட்டுச் செவுரு சும்மா நிக்குதுங்க. எங்கூட்டுது ஒழைக்குது. அத்தா போனப்புறம் எங்க ஆறு பேருக்குக் கஞ்சி ஊத்துனது இதுதானுங்க" என்பார், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும்.

அந்தச் சுவரை மாடு நக்கலாம், மனுசன் சாயக்கூடாது. தரகன் ஒருவன் வெற்றிலை போட்டுச் சுண்ணாம்பு விரலை அதில் துடைத்துவிட்டான். அன்று முழுக்க அவனுக்குக் கயிறு இல்லை என்றுவிட்டார். குழிக்கு அப்பும் மண்ணும் அதே பொட்டலிலிருந்துதான் வரவேண்டும்.

"செம்மண்ணு வெச்சா என்னங்க?" என்பாள் மனைவி ஐசும்மா.

"அதை எந்த மாடு நக்கும், புள்ளே?"

"மாட்டையே நிக்கா பண்ணியிருக்கலாம். என்னை எதுக்குக் கட்டுனீங்க?"

இந்த வருசம் மகள் சௌதா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். கடையை ஒட்டி, அந்தச் சுவருக்கு உள்பக்கம்தான் அவள் படுக்கிற அறை. வைகாசி நடுவில் இறங்குகிற எடவப்பாதி மழையும் நெருங்கிவிட்டது. கொத்தன் குப்பண்ணன் சுவரடியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"ஏனுங்க ராவுத்தரே, ஊட்டை மாட்டுக்கே எழுதி வெச்சுட்டீங்களா? இந்த மழைக்கு இது தாங்காதுங்க. பிரிச்சுப்போட்டுக் கல்லுல கட்டிப்போடலாம்."

"கல்லை நக்க எந்த மாடு வரும், குப்பண்ணா? மாடு நிக்கலீன்னா எங்கடையில யாரு நிப்பா?"

அவனை அனுப்பிவிட்டு ராவுத்தர் வழக்கம்போல் மண்ணைக் குழைத்தார். அடியில் பெரிய குழி. ஒரு கை மண்ணை உள்ளே வைத்து அழுத்தினார். மண் போயிற்று, கையும் பின்னாலேயே போயிற்று, முழங்கை வரைக்கும். இழுக்கப் பார்த்தார், வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"விடு, ஐசு."

"மாட்டேனுங்க. உங்க கை எங்க இருக்குதுன்னு தெரியுதா? சௌதா படுக்கற பாயில இருக்குது. நாளைக்கு அவ புள்ள கெடக்கப்போற எடம்."

ராவுத்தர் அப்புறம் கையை இழுக்கவில்லை. விரல்களால் மெல்லத் துழாவினார். பாயின் கோரை விரலில் பட்டது. அதன் மேல் உதிர்ந்து கிடந்த மண்ணும் பட்டது. தெருவில் போகிறவர்கள் பார்க்க, சுவரில் கன்னத்தை வைத்தபடி வெகுநேரம் அப்படியே குந்தியிருந்தார்.

"குப்பண்ணனை வரச் சொல்லு. கல்லே வெச்சுக்கலாம்" என்றார். அப்போதுதான் பிடி தளர்ந்தது.

மறுநாள் காலை குப்பண்ணன் கூரைக்கு முட்டுக்கொடுத்துவிட்டுக் கடப்பாரையைத் தூக்கினான்.

"கொஞ்சம் பொறு, குப்பண்ணா" என்றார் ராவுத்தர். சுவரண்டை போய், மாட்டு நாக்கு எட்டாத உயரத்தில், அத்தா பூசிய பூச்சு அப்படியே இருந்த இடத்தில், நகத்தால் ஒரு சிட்டிகை சுரண்டினார். தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சோற்றில் கைவைக்குமுன் சொல்வதுபோல் பிஸ்மி சொல்லி, அதை நாக்கில் வைத்துக்கொண்டார்.