கபூரின் மூடிய கார்

கதிராமத்தம்பிக்கு அப்துல் கபூர் மேல் ஒரு மனக்குறை. காணிச் சண்டையுமில்லை, பொம்பிளைச் சண்டையுமில்லை. ஒரே ஒரு சொல்தான். "அன்றைக்கு இந்த மனுசன் குடித்திருக்கவில்லை" என்று நாலு பேர் கேட்கக் கபூர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வருசக் கணக்காகச் சொல்லவில்லை. குருக்கள்மடத்துத் துறையில் மூக்கு வடிகிற பிள்ளைகள்கூட "கண்கட்டி, கண்கட்டி" என்று கதிராமத்தம்பியைக் கூப்பிட்டார்கள். கபூர் பக்கத்தில் நின்று வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். அந்த மனுசனுக்கு வாயிருந்தும் இல்லாத மாதிரி.

அந்தக் காலத்தில் குருக்கள்மடத்துக்கும் வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையில் பாலம் கிடையாது. இரண்டு பெரிய தோணிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்த மிதவை ஒன்றுதான் ஆளையும் மாட்டையும் கரத்தை வண்டியையும் ஏற்றிப் போகும். அதைப் பாதை என்பார்கள். பின்னால் நின்று சுக்கான் பிடிப்பவர் கதிராமத்தம்பி. இரண்டு பக்கமும் நீளச் சவள் கம்பை ஊன்றித் தள்ளுகிறவர்கள் அவருடைய தம்பியும் மச்சானும்.

அப்போது ஓடின கார்களில் பாதிக்கு மேல் கன்வஸ் கூரைதான். சாரதிகள் அதை ஹூட் என்பார்கள். மழை வெயிலுக்கு இழுத்து மூடலாம், வேண்டாவிட்டால் பின்னால் மடித்துப் போடலாம். மற்றச் சாரதிகள் மடித்துப் போட்டுவிட்டுத் தலைமயிர் பறக்க, சும்மா போகிற மாட்டுக்கும் ஹோன் அடித்துக்கொண்டு போவார்கள். கபூரின் கார் மட்டும் எந்த நாளும் மூடித்தான் இருக்கும். இரண்டு பக்கமும் கடும் பச்சைத் துணியில் திரை வேறு. கன்வஸ் கிழிந்த இடத்திலெல்லாம் தோணிப் பாய்த்துணியை வைத்துத் தானே தைத்திருந்தார்.

காத்தான்குடியில் கபூர் தொடங்கினது கார் அல்ல, கூடாரக் கரத்தை. திரை கட்டிய கரத்தையில் பெண்களைக் கலியாண வீட்டுக்கும் மையித்து விழுந்த இழவு வீட்டுக்கும் ஆசுபத்திரிக்கும் கொண்டுபோய்க் கொண்டுவந்தவர். தென்னந்தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது விட்டுப்போன பழைய காரை வாங்கி, சாரத்தியம் பழகி, முதல் வேலையாக அந்தத் திரையைத்தான் தைத்துப் போட்டார். கபூரின் காரென்றால் வாப்பாமார் யோசிக்காமல் பெண்பிள்ளைகளை ஏற்றி அனுப்புவார்கள். உள்ளே இருப்பது யார் என்று தெருவுக்குத் தெரியாது. கபூரும் சொல்லமாட்டார். அவருடைய பிழைப்பு முழுவதும் அந்தக் கூரைக்குக் கீழேதான் இருந்தது.

கதிராமத்தம்பிக்கு அந்தக் கூரையைக் கண்ணில் காட்டக்கூடாது. காரணமிருந்தது. ஒரு வாடைக்காலத்தில் கூரை மூடிய கார் ஒன்றைப் பாதையில் ஏற்றினார். நடு வாவியில் காற்று அந்தக் கூரைக்குள் புகுந்து ஒரு தூக்குத் தூக்கியது. பாதை சரிந்தது. கார் வழுக்கி, அவருடைய தம்பியின் காலை நசுக்கிவிட்டுத் தண்ணீருக்குள் போனது. தம்பி அதற்குப் பிறகு நொண்டிக்கொண்டுதான் சவள் ஊன்றினான். அன்றிலிருந்து கதிராமத்தம்பியிடம் ஒரே சட்டம். காற்று எழும்பினால் கூரையை மடிக்க வேண்டும். வெள்ளைக்காரனும் மடித்தான். முதலிமாரும் மழையில் நனைந்துகொண்டு மடித்தார்கள். கபூர் மட்டும் மடிக்கவில்லை.

"ஹூட்டை இறக்கு கபூர்."

"இறக்கமாட்டன்."

"அப்ப ஏத்தமாட்டன்."

"ஏத்தாத. காத்து விழுமட்டும் கிடக்கிறன்."

சொன்னபடி கிடப்பார். அரைநாளும் கிடப்பார். உள்ளே பெண்கள் இருந்தால் சாப்பாட்டையும் தண்ணீரையும் திரைக்குக் கீழால் நீட்டிவிட்டு, தான் மரத்தடியில் குந்தியிருப்பார்.

"உன்ட காரென்ன பெரியபிள்ளையாகின பொட்டையா, எந்த நாளும் மூடி வைச்சிருக்காய்?" என்பார் கதிராமத்தம்பி.

"உன்ட பாதையென்ன கப்பலா? ரெண்டு தோணியும் நாலு பலகையும். அதுக்கு இவ்வளவு சட்டம்!" என்பார் கபூர்.

இப்படி இரண்டு பேரும் முட்டிக்கொண்டே பல வருசம் ஓடியது. பிறகு அந்த மாசி மாதம் வந்தது.

காத்தான்குடிக் குடும்பம் ஒன்று படுவான்கரை வயல்வட்டையில் தங்கள் வேளாண்மை வெட்டுக்குப் போயிருந்தது. மகள் பிள்ளைத்தாச்சி. இன்னும் நாள் கிடக்கிறது என்ற நம்பிக்கையில் தாயோடு அவளும் போயிருந்தாள். தகப்பன் வெட்டின நெல்லோடு முந்தின நாள் ஊருக்குத் திரும்பிவிட்டார். மறுநாள் பகல், வயலில் போட்டிருந்த குடிலுக்குள் பிள்ளைக்கு வயிற்றுநோ எழும்பியது. இரத்தமும் காட்டியது. அங்கிருந்த மருத்துவிச்சி, "என்னால ஏலா மனே, கெதியாக் கொண்டு போங்க" என்று கையைக் கழுவிவிட்டாள். வேறு ஒரு ஓட்டத்துக்கு வந்த கபூர் அம்பிளாந்துறையில் நின்றது அவர்களுடைய நல்லகாலம்.

துறைக்குக் கார் வரும்போது வாடைக்காற்று நேரே எதிரில் அடித்தது. மழை சாய்ந்து சாய்ந்து விழுந்தது. வாவி வெள்ளையாய்க் கிளம்பிக்கொண்டிருந்தது.

கபூர் இறங்கி ஓடி வந்தார். "கதிராமா, உள்ளுக்கு ஒரு பிள்ளை சாகக் கிடக்கு. கட்டை அவிழ்."

"ஹூட்டை இறக்கு, அவிழ்க்கிறன்."

"பொம்பிளைகள் இருக்காங்க எண்டு சொல்லுறன், உனக்குக் காது அடைச்சுப் போச்சா?"

"உனக்கு முன்னால நிக்கிறானே என்ட தம்பி, அவன்ட காலைப் பார். எதிர்க்காத்து. இந்தக் கூரையோட போனா நடுவில வைச்சுக் கவிழ்க்கும். பிள்ளையைக் காப்பாத்தப் போறியா, கூரையைக் காப்பாத்தப் போறியா?"

 காற்று விழுமட்டும் கிடக்கக் கபூருக்கு இன்றைக்கு வழியில்லை. இறக்கினாலோ, இத்தனை வருசம் வீட்டுக்கு வீடு கொடுத்த சொல் இந்தத் துறையிலேயே போய்விடும்.

திரைக்குப் பின்னாலிருந்து தாய் கத்தினாள். "இறக்கப்படா! என்ட பிள்ளைய இந்த நிலைல ஒரு ஆம்பிளைர கண்ணும் பாக்கப்படா!"

அதற்கு மேல் ஒரு குரல் வந்தது. மெலிந்த குரல், ஆனால் நடுங்கவில்லை. "உம்மா, சும்மா இரிங்க. ஹூட்டோட தண்ணிக்குள்ள விழுந்தா வலை போட்டுத்தான் நம்மள எடுப்பாங்க. அப்ப எத்தினை பேர் பாப்பாங்க? கபூர் காக்கா, இறக்குங்க."

கார் பாதையில் ஏறியது. சவள்காரர் இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். "ஒருத்தனாவது தலையைத் திருப்பினா, நானே தள்ளி விழுத்துவன்" என்றார் கதிராமத்தம்பி. அவர்களுக்குச் சரி. ஆனால் சுக்கான்காரன் பின்னால் நின்று, காருக்கு மேலால்தான் முன்னே பார்க்க வேண்டும். பார்த்தால் பெண்கள் மேல்தான் கண் விழும். திரை பிடிக்கலாமென்றால், காற்றுக்கு அதுவும் ஒரு கூரைதான்.

கபூர் அவரை நேரே பார்த்தார். "நீ கண்ணைக் கட்டு."

"கண்ணைக் கட்டிக்கொண்டு சுக்கான் பிடிக்கிறதா? உனக்கென்ன விசரா?"

"முன்னுக்கு நான் நிக்கிறன். நான் திரும்பமாட்டன். நான் சொல்லுறன், நீ திருப்பு."

கதிராமத்தம்பி ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து, கண்ணை இறுக்கிக் கட்டினார். கபூர் கூரை வாரை அவிழ்க்கிற சத்தமும், கூரையின் மரச்சட்டங்கள் ஒன்றோடொன்று மடிகிற சத்தமும் அவருக்குக் கேட்டன. அவ்வளவுதான்.

பாதை புறப்பட்டது. கபூர் முன்பலகையில் காலை அகட்டி நின்றுகொண்டு, "வலது! இடது!" என்று கத்தினார். காரோட்டுகிற மனுசன். திருப்ப வேண்டிய இடம் வந்த பிறகுதான் திருப்பச் சொன்னார். பாதை அப்படித் திரும்புமா? மீன்காரர் நட்டிருந்த கம்புகளுக்குள் போய் உரசிக்கொண்டு நின்றது. பெண்கள் அலறினார்கள்.

"இது காரில்லடா மடையா! நாலு சவள் தூரத்துக்கு முன்னுக்கே சொல்லு!"

"அதை முதல்ல சொல்லியிருக்கலாமே!"

"நீ கேட்டியா? இப்ப என்ன தெரியுது?"

"இடப்பக்கம் கம்பு, நேரே மழை!"

"மழையை எனக்குச் சொல்லாத, நனையிறன்தானே. கம்பைச் சொல்லு!"

சவள்காரர் தள்ளிக் கழற்றினார்கள். அதன் பிறகு கபூர் முன்கூட்டியே சொன்னார். கதிராமத்தம்பி கேட்டுக் கேட்டுத் திருப்பினார். அத்தனை வருசமும் ஒருவர் சொல்லை மற்றவர் கேட்காத இரண்டு பேர். அன்று அந்த வாவி முழுவதையும் கபூரின் வாயை நம்பித்தான் அவர் கடந்தார். இடையிடையே அந்தப் பிள்ளை முனகுவது கேட்டது. அது கேட்கும்போதெல்லாம் சுக்கானை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

குருக்கள்மடத்துப் பக்கத்து எழுவான்கரையை அண்டியதும் கண்டல் மரங்கள் காற்றை மறித்தன. கபூர் பின்பக்கமாகவே நடந்து வந்து, தடவித் தடவிக் கூரையை இழுத்து மூடினார். வாரை மாட்டி, திரையைக் கட்டி, "இப்ப அவிழ்" என்றார். கதிராமத்தம்பி துவாயை அவிழ்த்தபோது பாதை கரை தட்டியிருந்தது. மழைக்குள் காத்து நின்ற சனம் கண்டது என்ன? வளைந்து வளைந்து வந்த பாதை. ஒழுங்காக மூடிய கார். கண்ணில் கட்டின துணியை அவிழ்க்கிற சுக்கான்காரன். அவ்வளவுதான்.

கார் ஆசுபத்திரிக்குப் பறந்தது. பெற்றவளும் பிறந்த பிள்ளையும் இரண்டு உயிராக வீடு வந்தார்கள். அந்தப் பெண் யார், எந்த வீடு என்பது இங்கே வராது. பேரப்பிள்ளை கண்ட வயதில் அவளே நாலு பெண்களுக்கு நடுவில் தன் வாயால் சொன்னாள். அதனால்தான் இவ்வளவும் எழுத்தில் வருகிறது.

ஆனால் துறையில் வேறு கதை ஓடியது. "வெறி முத்திக் கண்ணைக் கட்டிக்கொண்டு பாதை விட்டானாம்." பாதையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் விசாரித்தார். கதிராமத்தம்பி, "குடிக்கல்ல" என்றார். "அப்ப ஏன் கட்டினாய்?" அதற்கு அவர் வாய் திறக்கவில்லை. தம்பியும் மச்சானும் திறக்கவில்லை. குத்தகைக்காரர் சுக்கானைப் பறித்து வேறொருவனிடம் கொடுத்தார். கதிராமத்தம்பி கையில் சவளைக் கொடுத்தார்.

மறுநாள் கபூரின் கார் துறைக்கு வந்தது. உள்ளே பெண்கள். காற்றே இல்லை. புதுச் சுக்கான்காரன், "ஏறுங்க காக்கா" என்றான்.

"ஏறமாட்டன். கதிராமன் சுக்கான் பிடிச்சாத்தான் என்ட கார் ஏறும்."

"அவன் குடிகாரன் காக்கா."

"நான் உன்னட்ட அதைக் கேட்கல்ல."

காரைத் துறைவாசலுக்குக் குறுக்கே நிறுத்தி, மரத்தடியில் குந்திவிட்டார். பின்னால் வந்த கரத்தைகளுக்கும் வழியில்லை. பின்னேரமானதும் வந்தவர்களைத் திருப்பிக் கொண்டுபோனார். அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. காத்தான்குடிக் காணிக்காரர் குத்தகைக்காரர் வீட்டுக்கே போய்ச் சத்தம் போட்டார்கள். அந்த மாதம் முடிய முன்னமே சுக்கான் கதிராமத்தம்பியின் கைக்குத் திரும்பி வந்தது.

சுக்கான் வந்தது. பெயர் போகவில்லை. ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டார்.

"ஒரு சொல்லுச் சொன்னா உன்ட நாக்கு அழுகிப்போகுமா?"

"சொன்னா, வெறியில்லாட்டி ஏன் கட்டினான் எண்டு கேப்பானுகள். அதுக்கு என்ன சொல்லுற?"

"ஒரு பொய்யைச் சொல்லு."

"பொய் சொல்லமாட்டன்."

"மெய்யும் சொல்லமாட்டாய்."

"மெய்யும் சொல்லமாட்டன்."

"அப்ப நான் குடிகாரனாவே சாகிறதா?"

"நீ எங்க சாகப்போறாய்? நான்தான் முந்திப் போவன்."

ஆனாலும் ஒன்று மாறியது. வெறும் காரோடு வருகிற நாளில் காற்று அடித்தால், துறைக்கு வர முன்னமே கபூர் கூரையை மடித்துக்கொண்டு வருவார். யாரும் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் இருந்தால் முந்திப்போலக் காற்று விழுமட்டும் கிடப்பார். கதிராமத்தம்பி பாதையைக் கட்டிவிட்டு வந்து, கூடக் குந்தியிருப்பார். மனக்குறையையும் விடவில்லை.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த அடுத்த வருசம் கபூருக்கு இழுப்பு முற்றியது. மருமகன் ஹமீட் காரை ஓட்டினான். அம்பிளாந்துறைப் பக்கத்து நாட்டு வைத்தியரான பரிசாரியிடம் காட்டி, குணமில்லாமல் திரும்பி வந்தார்கள். கபூர் பின்சீற்றில் தலையணைகளில் சாய்ந்து, மீன் மாதிரி வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். அன்றும் வாடைக்காற்று. பாதையில் சனம் நிறைய.

"கண்கட்டி, உன்ட காக்கா வந்திட்டார். துவாயை அவிழ்!" என்று ஒருவன் பகிடி விட்டான். எல்லாரும் சிரித்தார்கள்.

திரை விலகியது. கபூரின் தலை வெளியே வந்தது. "ஆரடா அவன்? கேட்டுக்கொள். அண்டைக்கு இவன் ஒரு சொட்டும் குடிக்கல்ல. கண்ணைக் கட்டச் சொன்னது நான்."

சிரிப்பு நின்றது. "ஏன் காக்கா?"

"ஏனெண்டு சொல்லமாட்டன். கேட்டுக் கேட்டு நீங்கள்தான் களைப்பீங்கள். இவ்வளவு நாளும் எனக்கு வியாபாரம் இருந்திச்சு, பயந்தன். இனி எனக்கென்ன? நம்புறவன் நம்பட்டும். நம்பாதவன் இறங்கி நீந்திப் போகட்டும்."

ஒருவரும் இறங்கவில்லை.  கதிராமத்தம்பி சுக்கானடியில் நின்றபடி, கழுத்தில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

கபூர் அந்தத் துவாயைப் பார்த்தார். அப்போது கேட்டதுதான் அவர் கதிராமத்தம்பியிடம் கடைசியாகக் கேட்டது. அடுத்த வெள்ளிக்கு முன்னமே மௌத்தாகிக் கண்ணை மூடிவிட்டார்.

"கதிராமா, வந்து அந்தப் பக்கத்துச் சட்டத்தைப் பிடி. ஹமீட் இந்தப் பக்கம் பிடிப்பான். ஹூட்டை இறக்குங்க, எனக்குக் காத்து வேணும். துவாயைத் தலையில கட்டு, கண்ணில கட்டாத. இண்டைக்குப் பாத்து விடு."